பாட்டுப் பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா?” என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. சோற்றுக்கும் குழம்புக்கும் சொல்லப்பட்ட இம்மொழி, நம் வீட்டுக் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கும் ஆம்பிளிபயருக்கும் பொருந்தும் என்றால் தோழியர் சிலர் நகைக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

காலையில் பக்திப் பாடல், பகலில் செய்தி, மாலையில் திரையிசை, கிறிஸ்துமஸ் காலத்தில் ஓயாத கரோல் என்று ஒலிக்கருவி இல்லாத வீடு இன்று அரிது. ஒரு வீட்டில் இருபது ஆண்டுகளாக ஒரு பெட்டி பழுதின்றிப் பாடுகிறது. பக்கத்து வீட்டில் அதே வகைப் பெட்டி ஐந்தாம் ஆண்டிலேயே கரகரத்து, உறுமி, ஒரு நாள் ஊமையாகிவிடுகிறது. “அது ராசியான பெட்டி” என்று ஒருவர் சொல்வார். “அந்தக் காலத்துப் பொருள் என்றால் உழைக்கும், இந்தக் காலத்துப் பொருள் எல்லாம் இப்படித்தான்” என்று மற்றொருவர் சொல்வார். அறிவியல் வேறொரு விடை தருகிறது. மின்னணுக் கருவிகளின் ஆயுளைக் குறைப்பதில் வயதைவிட வெப்பத்திற்கே பெரும் பங்கு உண்டு. அவ்வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றத்தான் முடியும் என்று நாம் படித்திருக்கிறோம். சுவரிலுள்ள பிளக்கிலிருந்து ஆம்பிளிபயர் எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலில் ஒரு பகுதியே ஸ்பீக்கருக்குச் செல்கிறது. மீதி என்னவாகிறது? பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது.

தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தவை வால்வுகள். ஒலியைப் பெருக்கக்கூடிய மூன்று முனை வால்வை அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டில் உருவாக்கினார். வால்வு வேலை செய்ய வேண்டுமானால் அதன் உள்ளே ஓர் இழை சூடாக வேண்டும். பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் இருந்த ஈ.எல்.84 என்னும் வால்வு, அந்த இழையைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அதாவது ஏறத்தாழ 4.8 வாட். பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவு உண்டு. ஆகவேதான் அப்பெட்டிகளின் பின்புறத்தை வரிசை வரிசையாகத் துளையிட்ட அட்டையால் மூடினார்கள். அத்துளைகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. சூடான காற்று வெளியேறும் வழிகள் அவை.

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் ஆகிய இருவரும் டிரான்சிஸ்டரை இயங்கச் செய்து காட்டினர். வில்லியம் ஷாக்லியுடன் சேர்ந்து 1956ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசையும் பெற்றனர். டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றும் இழை தேவையில்லை. எனவே வெப்பப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தீரவில்லை, அதன் உருவம்தான் மாறியது.

வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயர்களில் ‘பி’ வகை என்று ஒன்று உண்டு. எவ்வளவு நன்றாகச் செய்தாலும், முழு ஒலியில் கூட அது மின்னாற்றலில் 78.5 விழுக்காட்டிற்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுப்ப இயலாது என்பது கணக்கு காட்டும் எல்லை. இதில் ஒரு விந்தையும் உண்டு. 50 வாட் பெட்டி ஒன்று ஒரே சீரான ஒலியை முழு அளவில் எழுப்பும்போது அதன் டிரான்சிஸ்டர்களில் ஏறத்தாழ 14 வாட் வெப்பம் உண்டாகிறது. அதையே குறைத்து 20 வாட் அளவில் பாட வைத்தால் வெப்பம் குறையும் என்றுதானே நினைப்போம்? அப்போதுதான் வெப்பம் உச்சத்தை அடைந்து 20 வாட் ஆகிறது! ஆகவே “நாங்கள் சத்தமாக வைப்பதே இல்லை, எங்கள் பெட்டி சூடாகாது” என்று நிம்மதி கொள்வதற்கில்லை. ‘ஏ’ வகை என்னும் மற்றொரு வகையோ, பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் முழு அளவு மின்சாரத்தை எடுத்து வெப்பமாகக் கக்கிக்கொண்டிருக்கும்.

பத்து டிகிரிக் கணக்கு

வெப்பம் இருந்தால் என்ன கெட்டுவிடும்? இதற்கு விடை காண ஆம்பிளிபயரை விட்டு வேதியியலுக்குச் செல்ல வேண்டும்.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889ஆம் ஆண்டில், வெப்பநிலை உயர உயர வேதிவினைகள் எவ்வாறு விரைவடைகின்றன என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். பின்னர் 1903இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. கோடைக் காலத்தில் இட்லி மாவு விரைவில் புளிப்பதும், மழைக் காலத்தில் மெதுவாகப் புளிப்பதும் நாம் அறிந்ததே. பொருள்கள் கெட்டுப்போவதும் வேதிவினைதான். ஆகவே சூடு கூடினால் கேடும் விரைகிறது.

ஆம்பிளிபயருக்குள் இவ்விதியை முதலில் அனுபவிப்பது மின்தேக்கி. மெக்கானிக்குகள் இதனைக் கண்டன்சர் என்பார்கள். உருளை வடிவில், பிளாஸ்டிக் சட்டை போட்டு நிற்கும் இதனுள் இரண்டு அலுமினியத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் இடையே ஒரு திரவத்தில் தோய்ந்த காகிதம் இருக்கும். கீழ்ப்பக்கத்தை ரப்பர் அடைப்பு ஒன்று மூடியிருக்கும். நம் வீட்டுக்கு வரும் 50 சுழற்சி மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது எஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கங்களை இம்மின்தேக்கி சமன் செய்கிறது. மேல்நிலைத் தொட்டி இருந்தால் குழாயில் தண்ணீர் சீராக வருவதுபோல, இது இருப்பதால் மின்சாரம் சீராக வருகிறது.

பெட்டி சூடாகும்போது உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாக ரப்பர் அடைப்பு வழியே ஆவியாகி வெளியேறுகிறது. திரவம் குறையக் குறைய மின்தேக்கியின் திறன் குறைகிறது, உள்தடை கூடுகிறது. உள்தடை கூடினால் அதனாலேயே இன்னும் சூடாகிறது. ஒரு நாள் ஸ்பீக்கரில் பாட்டோடு பாட்டாக “ம்ம்ம்…” என்ற உறுமல் கேட்கத் தொடங்குகிறது. பெட்டியின் நோய்க்கு அதுவே முதல் அறிகுறி.

மின்தேக்கியின் மேற்சட்டையில் 85° அல்லது 105° என்று அச்சிட்டிருப்பார்கள். அது தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலை. 85 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று கூறப்படும் மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவான கணக்கு. 75 டிகிரியில் 4000 மணி. 65 டிகிரியில் 8000 மணி. 55 டிகிரியில் 16,000 மணி. 45 டிகிரியில் 32,000 மணி.

நாள்தோறும் 4 மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஓராண்டுக்கு 1460 மணி ஆகிறது. வகுத்துப் பாருங்கள். மின்தேக்கி 65 டிகிரியில் இருந்தால் சுமார் ஐந்தரை ஆண்டு. 55 டிகிரியில் சுமார் 11 ஆண்டு. 45 டிகிரியில் சுமார் 22 ஆண்டு! பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் நம் வீட்டுப் பெட்டிக்கும் உள்ள வேற்றுமை ராசியில் இல்லை. இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பொருள் ஒன்றே, விலை ஒன்றே. இருபது டிகிரிதான் வேறு.

டிரான்சிஸ்டரின் தனிக் குணம்

மின்தேக்கி மெல்ல மெல்லச் சாகும். டிரான்சிஸ்டரோ ஒரே நொடியில் போய்விடும். அதற்கும் வெப்பமே காரணமாக அமைவதுண்டு.

சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்று மின்சாரத்தைக் கடத்தத் தொடங்க அதன் வாயிலில் ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை. டிரான்சிஸ்டர் சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் இத்தேவை ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. நாம் கொடுக்கும் அழுத்தம் மாறாமல் இருக்க, தேவை மட்டும் குறைந்தால் என்னவாகும்? அதிக மின்னோட்டம் பாயும். அதிக மின்னோட்டத்தால் இன்னும் சூடாகும். இன்னும் சூடானால் இன்னும் பாயும். தடுக்க ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால், 30 டிகிரி உயர்வுக்கே மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். மலைச்சரிவில் பிரேக் இல்லாத வண்டியைப் போல் இது நிற்காமல் ஓடி, டிரான்சிஸ்டர் கருகுவதில் முடியும்.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். பெரிய டிரான்சிஸ்டர் அமர்ந்திருக்கும் அதே உலோகத் தகட்டில், அதன் அருகிலேயே ஒரு சிறிய டிரான்சிஸ்டரையும் பொருத்துகிறார்கள். பெரியது சூடானால் சிறியதும் சூடாகும். உடனே அது பெரியதற்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்து உணவைக் குறைக்கும் தாயைப் போன்றது அச்சிறு டிரான்சிஸ்டர். பழுது பார்ப்பவர் அவசரத்தில் இதனைத் தகட்டோடு சேர்த்து முடுக்காமல் விட்டுவிட்டால், புதிதாகப் போட்ட பெரிய டிரான்சிஸ்டரும் நெடுநாள் நிற்காது.

வெப்பம் வெளியேறும் வழி

கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று வெப்பம் பரவும் மூன்று முறைகளைப் பாடத்தில் படித்தோம். தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் இம்மூன்றும் ஆம்பிளிபயருக்குள் ஒன்றாக வேலை செய்கின்றன.

டிரான்சிஸ்டரின் நடுவே, விரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டில் வெப்பம் பிறக்கிறது. அது முதலில் டிரான்சிஸ்டரின் உலோக உடலுக்கும், பின்னர் செதில் செதிலாக அமைந்த அலுமினியத் தகட்டுக்கும் கடத்தல் மூலம் செல்கிறது. இத்தகட்டை ஹீட்சிங்க் என்பார்கள். செதில்கள் எதற்கு? காற்றைத் தொடும் பரப்பை மிகுதியாக்கத்தான். செதில்களைத் தொட்ட காற்று சூடாகி, இலேசாகி, மேலே எழுகிறது. அதன் இடத்தைக் கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று நிரப்புகிறது. இது வெப்பச் சலனம். தகட்டுக்குக் கறுப்பு நிறம் பூசுவது கதிர்வீசலுக்குத் துணை செய்யும்.

டிரான்சிஸ்டரையும் தகட்டையும் நேரே ஒட்டினால் மின்கசிவு ஏற்படலாம் என்பதால் இடையே மைக்கா தாள் ஒன்றை வைக்கிறார்கள். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் உலோகப் பரப்புகளிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் கடக்காது. ஏனெனில் அலுமினியத்தோடு ஒப்பிடுகையில் காற்று பல ஆயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. ஆகவே வெண்ணெய் போன்ற ஒரு வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுகிறார்கள்.

இவ்வழியில் உள்ள ஒவ்வொரு தடையையும் ‘ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி’ என்று அளக்கலாம். வீட்டில் செய்யும் ஆம்பிளிபயர்களில் பல்லாண்டு புகழ்பெற்ற 2 என் 3055 என்னும் டிரான்சிஸ்டரில், உள்ளிருந்து உடலுக்கு 1.5 டிகிரி. மைக்காவுக்கும் பசைக்கும் 0.5 டிகிரி என்றும், தகட்டிலிருந்து காற்றுக்கு 2 டிகிரி என்றும் கொள்வோம். ஆக மொத்தம் 4 டிகிரி. அது 20 வாட் வெப்பத்தை வெளியிட்டால் 80 டிகிரி உயர்வு. சுற்றியுள்ள காற்று 35 டிகிரியாக இருந்தால் உள்ளே 115 டிகிரி. அதே பெட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் அடைத்து, சுற்றியுள்ள காற்று 55 டிகிரி ஆகிவிட்டால், உள்ளே 135 டிகிரி. பசை காய்ந்து போனாலும், செதில்களில் தூசி அடைத்தாலும் இன்னும் கூடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பெட்டியைச் செய்தவர் எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும், வெளியே உள்ள காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ அத்தனை டிகிரி உள்ளேயும் கூடியே தீரும். அவர் கையில் உள்ளது 80 டிகிரி. நம் கையில் உள்ளது மீதி.

தட்டினால் பாடும் பெட்டி

சில பெட்டிகள் நின்றுபோனால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டியதும் மீண்டும் பாடும். இதுவும் வெப்பத்தின் விளையாட்டே. பொருள்கள் சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். ஆனால் எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் விரிவதில்லை. செப்புக் கால் ஓர் அளவு விரிகிறது. அது நிற்கும் அட்டை வேறோர் அளவு விரிகிறது. இரண்டையும் பிணைக்கும் ஈயப் பற்று நடுவில் இழுபடுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகும் மென்மையான உலோகம். ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கும்போது, காலைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு வட்ட வெடிப்பு உண்டாகிறது. தட்டும்போது அந்த வெடிப்பு ஒட்டுகிறது, அவ்வளவே. தட்டுவது மருந்தாகாது, அவ்விடத்தில் மீண்டும் ஈயம் வைப்பதே மருந்து.

ஆச்சியின் பெட்டி

எங்கள் ஆச்சிக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. காலைச் செபமும், செய்தியும், பாட்டும் அவர்களுக்குக் காது வழியாகத்தான் வருகின்றன. வானொலியோடு கூடிய ஒரு பழைய ஆம்பிளிபயர் அவர்கள் கட்டிலருகே உள்ள ஷோகேஸில் இருந்தது. தூசி விழக்கூடாது என்று அத்தை தாமே பின்னிய குரோஷா விரிப்பை அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். அதன்மேல் ஒரு பூச்சாடி வேறு. ஒரு நாள் பெட்டி உறுமத் தொடங்கியது. சில வாரங்களில் நின்றே போனது. பெட்டி ஊமையான அந்தப் பத்து நாளும் ஆச்சி அதிகம் பேசவில்லை. “மணி என்ன?” என்று மட்டும் அடிக்கடி கேட்பார்கள்.

பழுது பார்க்க வந்த பெரியவர் மூடியைக் கழற்றி, தலை உப்பிய இரண்டு கண்டன்சர்களை எடுத்துக் காட்டினார். “அக்கா, இது வயசாகிச் சாகலை. வேக்காட்டுல செத்திருக்கு. கொஞ்சம் காத்து விடுங்க” என்றார். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. பல நாள் கண் வலிக்கப் பின்னிய விரிப்பல்லவா? அன்பாகப் போர்த்தியதே கேடாயிற்று என்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

அப்போது அந்தப் பெரியவரே ஒரு வழி சொன்னார். “விரிப்பு வேணாம்னு சொல்லலை. தூசியும் பெட்டிக்குப் பகைதான். பாட்டை நிறுத்தி, நல்லா ஆறினப்புறம் போர்த்துங்க. போடறதுக்கு முன்னால எடுத்துடுங்க.” இன்று பெட்டி ஷோகேஸிலிருந்து வெளியே வந்து, திறந்த மேசையில் இருக்கிறது. காலையில் விரிப்பை எடுப்பதும் இரவில் போர்த்துவதும் அத்தையின் வேலை. ஆச்சியின் நாளும் அந்த ஒலியோடுதான் தொடங்குகிறது. தையல் வகுப்பில் குரோஷா பின்னும் தோழியர் அனைவருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். நம் கைவேலை வீட்டை அழகு செய்யட்டும். ஆனால் ஓடும் கருவியின் மூச்சை அடைக்காதிருக்கட்டும்.

நாம் செய்யக் கூடியவை

1. ஆம்பிளிபயரின் மேலும் பக்கங்களிலும் பின்புறமும் ஒரு சாண் இடம் விடுங்கள். கீழே உள்ள துளைகள் வழியே காற்று நுழைய வேண்டும். ஆகவே மெத்தென்ற துணியின்மேல் வைக்காதீர்கள்.

2. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், மிகுதியாகச் சூடாகும் பெட்டி மேலே இருக்கட்டும். சூடு மேல் நோக்கியே செல்லும்.

3. வெயில் விழும் சன்னல் ஓரமும், சமையலறைச் சுவரும் ஏற்ற இடங்கள் அல்ல.

4. பூச்சாடி, தண்ணீர்ச் செம்பு, மெழுகுவர்த்தி ஆகியவற்றைப் பெட்டியின்மேல் வைக்கவே கூடாது.

5. மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துளைகளிலுள்ள தூசியைத் துடையுங்கள்.

6. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கென்று செய்த பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் தடை நான்கு ஓம் ஆகிறது, மின்னோட்டம் இரட்டிப்பாகிறது, சூடும் ஏறுகிறது. பெட்டியின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இணையுங்கள்.

7. கேட்காதபோது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

8. உறுமல், கருகிய மணம், தொட முடியாத சூடு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்துங்கள். உலோகப் பரப்பு 60 டிகிரியை எட்டினால் நம் கை தானாகவே விலகிவிடும். நமக்குக் கடவுள் தந்த வெப்பமானி அது.

9. மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அறிந்தவரிடம் கொடுங்கள், அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். பெட்டியின் உட்புறம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று எந்த இயற்பியல் நூலிலும் எழுதவில்லை.

புதிய கருவிகளுக்கு இது பொருந்துமா?

இப்போது வரும் சிறிய ஸ்பீக்கர்களிலும் ஹோம் தியேட்டர்களிலும் ‘டி’ வகை ஆம்பிளிபயர்கள் பெருகிவிட்டன. இவை டிரான்சிஸ்டரை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் நொடிக்கு இலட்சக்கணக்கான முறை இயக்குவதால், 90 விழுக்காட்டிற்கு மேலும் ஆற்றல் ஸ்பீக்கருக்குச் செல்ல முடிகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பெட்டியும் அதற்கேற்பச் சிறுத்துவிட்டது, துளைகளும் குறைந்துவிட்டன. உள்ளே மின்தேக்கிகள் அப்படியே இருக்கின்றன. பத்து டிகிரிக் கணக்கும் அப்படியே இருக்கிறது. பழுது பார்க்கும்போது 85 டிகிரி மின்தேக்கிக்குப் பதிலாக அதே அளவுள்ள நல்ல 105 டிகிரி மின்தேக்கியைப் போடச் சொல்லுங்கள். விலை சற்றே கூடும். 20 டிகிரி கூடுதலாகத் தாங்குவதால், மற்றவை சமமாயின், ஆயுள் நான்கு மடங்காகும்.

ஸ்பீக்கரையும் மறக்கலாகாது. வீட்டு ஸ்பீக்கர்கள் தமக்கு வரும் ஆற்றலில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கையே ஒலியாக்குகின்றன. மீதியெல்லாம் அதன் கம்பிச் சுருளில் வெப்பமாகிறது. நெடுநேரம் அலறவிட்டால் சுருள் கருகுவது அதனால்தான்.

முடிவுரை

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் திருமடலில், பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்திருக்கிறார். நம் பொது இல்லமாகிய பூமியைக் காப்பது என்றால் மரம் நடுவது மட்டும் என்று பலர் எண்ணுகிறோம். ஐந்து ஆண்டில் குப்பைக்குப் போக வேண்டிய ஒரு பெட்டியை இருபது ஆண்டு பாட வைப்பதும் அப்பணியே ஆகும். அப்பெட்டிக்காகத் தோண்டிய செம்பும், அலுமினியமும், ஈயமும் மண்ணில் வீணாகாமல் இருக்கும். அதை வாங்கப் பெற்றோர் சேர்த்த பணமும் வீணாகாது.

இதற்குப் பெரிய படிப்போ, பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு சாண் இடமும், சிறிது காற்றும், ஆறும்வரை பொறுக்கும் பொறுமையும் போதும். ஆகவே அன்புத் தோழியரே, இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டுப் பெட்டியின்மேல் மெல்லக் கை வைத்துப் பாருங்கள்!